மூன்று வருடத்தில் மண் திருந்தாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மண்வளச் சிறப்புப் பகுதியில், 'ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது, விவசாயிதான் மாற மறுக்கிறார்' என்று ஒரு வரி. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி என்னைத் தைத்துவிட்டது.

நான் மாற மறுக்கவில்லை. நிலத்தில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கே கொடுத்தவன். பசுந்தாள் பயிர் விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழ வேண்டும், பக்கத்துத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். மூன்று வருடத் திட்டம். முதல் வருடம் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டாம் வருடம் விளைச்சல் கொஞ்சம் குறைந்தது, பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் வருடக் கடைசியில்தான் மண்வெட்டி பட்டதும் கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. அதுவரை ஒரு சாண் ஆழத்தில் முட்டிக்கொண்டு பக்கவாட்டில் மடங்கிய வேர், நேராகக் கீழே இறங்கியிருந்தது. மழை பெய்தால் பக்கத்துத் துண்டில் மறுநாள் வரை தண்ணீர் நிற்கும், இங்கே சாயங்காலமே உள்ளே இறங்கிவிடும். வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். நிதி முடிந்துவிட்டது என்றார்கள். எண் எழுதிய குச்சிகள் இன்னும் வரப்போரம் நிற்கின்றன. முடிவு என்ன என்று ஒரு தாள்கூட எனக்கு வரவில்லை.

மண்ணில் மக்கிக் கிடக்கும் இலைதழையின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் கூடியதா குறைந்ததா என்று ஆய்வகத்தில் நம்பும்படி தெரியவே பல வருடம் ஆகும். தாங்கள் அறியாததல்ல. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தின் கோதுமை வயல் ஆய்வு 1843-இல் தொடங்கியது. கோவையின் நிரந்தர உரச் சோதனை வயல் 1909-இல். தொழு உரம் போட்ட துண்டு என்ன ஆனது, எதுவுமே போடாத துண்டு என்ன ஆனது என்று இன்று சொல்ல முடிகிறதென்றால், இடையில் யாரும் கைவிடவில்லை என்பதால்தான்.

மண் பரிசோதனையும் எங்களுக்கு உதவும்படி இல்லை. எனக்கு அறிக்கை வந்தபோது பயிர் முழங்கால் உயரம். அதிலும் தழை, மணி, சாம்பல் சத்து, கார அமில நிலை, அவ்வளவுதான். தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது, மண்ணில் உயிர் இருக்கிறதா என்று அது சொல்லவில்லை. அப்புறம் குத்தகைக்காரர்கள். அடுத்த வருடம் நிலம் கையில் இருக்குமா என்றே தெரியாதவர், பல வருடம் கழித்துப் பலன் தரும் வேலையை எதற்குச் செய்வார்? அவரைப் பிடிவாதக்காரர் என்பது நியாயமா? டிசம்பர் 5, உலக மண் தினத்தன்று ஒரு கைப்பிடி மண்ணோடு படம் போடுகிறீர்கள். அந்த மண்ணோடு வருடம் முழுக்கக் கிடப்பவனைப் பற்றி இப்படி ஒரு வரி எழுதலாமா?

நான் கேட்பது சிறிய விஷயம். இனி மண் ஆராய்ச்சிக்கு நிதி என்று செய்தி போடும்போது, எத்தனை வருடத்துக்கு என்பதையும், முடிவு நிலம் கொடுத்தவர் கைக்கு வருமா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் நிருபர் வந்தால் அந்த இரண்டு துண்டுகளையும் தோண்டிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நிலம் கொடுத்த விவசாயி