சீனா பொப்லானா உடைக்குப் பெயர் தந்த மிர்ரா பாட்டிக்கு

அன்புள்ள மிர்ரா பாட்டிக்கு,

வணக்கம். 400 ஆண்டுகளுக்கு முன் உங்களைக் கப்பலிலிருந்து அடிமையாக இறக்கிய மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்தில், 1975-இல் ஒரு சுற்றுலா வணிகச் சந்தையைத் தொடங்கினார்கள். தியாங்கிஸ் துரிஸ்திகோ என்று பெயர். ஓட்டல்காரர்களும் வெளிநாட்டுப் பயண முகவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து அறை வாடகை பேசுகிற இடம். 2012 முதல் அது வேறு ஊர்களுக்கும் போகிறது. ஆனாலும் அகாபுல்கோவை விடவில்லை. 2023 அக்டோபரில் ஓட்டிஸ் புயல் ஊரைப் புரட்டிப்போட்ட பிறகும் 2024 ஏப்ரலில் அங்கேதான் கூடியது.

அந்தச் சந்தையில் உங்கள் பெயரால் ஒரு உடை வலம் வருகிறது. அதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

பேரம் பேச வந்தவர்களை அரங்குக்குள் இழுக்க ஒவ்வொரு மாநிலமும் தன் உடையில் ஆட்களை நிறுத்துகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஒஹாகாவின் தெவாந்தெபெக் பூசந்திப் பெண்களின் உடை. வெல்வெட் மேற்சட்டை முழுக்கப் பெரிய பெரிய பூக்கள். அதே பூக்கள் பாவாடையிலும். பாவாடை விளிம்பில் மடிப்பு மடிப்பாக வெள்ளை லேஸ். விழா நாள் என்றால் கஞ்சி போட்ட லேஸ் ஒன்று முகத்தைச் சுற்றி விரிந்து நிற்கும். ஓவியர் ஃபிரிடா காலோ இந்த உடையைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார். சியாபாஸ் பெண்கள் கறுப்பு வலைத்துணியில் வண்ணப் பூக்களோடு வருவார்கள். யூகாத்தான் பெண்களின் உடை மூன்று அடுக்கு. வெள்ளைத் துணியில் குறுக்குத் தையல் பூக்கள்.

புவெப்லா மாநிலத்து உடைக்கு சீனா பொப்லானா, அதாவது புவெப்லாவின் சீனப் பெண், என்று பெயர். மணி கோத்த வெள்ளைச் சட்டை, ஜிகினா மின்னும் சிவப்புப் பாவாடை, தோளில் மேலாடை, சடையில் மெக்சிகோ தேசியக் கொடியின் மூன்று நிறத்தில் ரிப்பன். இதை உருவாக்கியது இந்தியாவிலிருந்து வந்த ஓர் இளவரசி, அதாவது நீங்கள், என்று கதை சொல்வார்கள்.

பாட்டி, நீங்கள் அப்படி ஒரு பாவாடையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சிறுமியாக இருந்தபோது போர்ச்சுகீசியக் கொள்ளையரிடம் சிக்கினீர்கள். கொச்சியில் ஞானஸ்நானம் செய்து கத்தரீனா தே சான் ஹுவான் என்று பெயர் வைத்தார்கள். மணிலாவில் விற்றார்கள். புவெப்லாவில் ஒரு வணிகர் வீட்டில் வேலை செய்தீர்கள். ஆசியக் கப்பலில் வந்த எவரையும் அந்நாட்டில் சீனர் என்றே எழுதியதால் நீங்களும் சீனப் பெண் ஆனீர்கள். முகலாய அரச குலம் என்று உங்கள் சரிதத்தை எழுதிய பாதிரியார் அடித்துச் சொல்கிறார். அதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன். முரட்டுத் துணி உடுத்தி, ஜெபத்திலேயே காலம் கழித்து, 1688 ஜனவரியில் கண் மூடினீர்கள். உங்களைப் புனிதராகவே எண்ணிய ஊர் அது. ஆனால் அந்தச் சரிதத்தைச் சமய விசாரணை மன்றம் தடை செய்தது.

ஜிகினாப் பாவாடை 19-ஆம் நூற்றாண்டு நகரத்துப் பெண்களுடையது. அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் உங்களையும் அதையும் முடிச்சுப் போட்டார்கள். 1919-இல் ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவா மெக்சிகோ நகரில் இதை உடுத்திப் பாலே பாணியில் ஆடினார். தேச உடை என்ற பெயர் மேலும் ஊன்றிவிட்டது.

புதிதாக உருவாக்கிய மரபு என்பதில் எனக்குக் கோபம் இல்லை. ஒஹாகாவின் புகழ்பெற்ற அன்னாசிப் பூ நடனமே 1958-இல் ஆளுநர் கேட்டு ஓர் ஆசிரியை அமைத்ததுதான். அதை ஆடும் பெண்கள் அணிவதோ பாப்பலோவாபான் பகுதி ஊர்களின் அசல் கைநெசவு. யார், எப்போது செய்தார்கள் என்று தெரிந்தால் அதன் அழகு குறைந்தா போகிறது?

என் மனத்தாங்கல் வேறு. சந்தையில் உடையைப் பார்க்கிறோம், செய்தவரை அரிதாகத்தான் பார்க்கிறோம். இடுப்பில் வார் கட்டி, தறியின் மறுமுனையை மரத்தில் பிணைத்து, மாதக்கணக்கில் நெய்கிற பெண்கள் இருக்கிறார்கள். பினோதெபா தே தோன் லூயிஸ் ஊர்க்காரர்கள் கடற்பாறையில் நத்தையைப் பிடித்து, அது கக்கும் நீரை நூல் சிட்டத்தில் தேய்த்து ஊதா நிறம் ஏற்றி, நத்தையை உயிரோடு பாறையிலேயே விட்டுவிடுகிறார்கள். இப்படிப்பட்டவர்களின் வேலைப்பாட்டைக் கேட்காமல் எடுத்ததாக 2019-இல் கரோலினா ஹெரேரா என்ற வெளிநாட்டு ஆடை நிறுவனத்திடம் மெக்சிகோவின் பண்பாட்டு அமைச்சகம் விளக்கம் கேட்டது. 2022-இல் பழங்குடி மக்களின் பண்பாட்டு உடைமைக்கென்று தனிச் சட்டமே வந்தது. வெளிநாட்டு நிறுவனத்திடம் கேட்ட கேள்வியை உள்ளூர் அரங்குகளிடமும் கேட்கலாம்: இந்தச் சட்டை எந்த ஊர், யார் கை, என்ன கூலி?

இன்னொரு செய்தி, இது எங்கள் ஊர்ப் பெருமை. வெராக்ரூஸ் மாநிலத்து ஆண்கள் வெள்ளைச் சட்டைமேல் கழுத்தில் கட்டும் சிவப்புக் கைக்குட்டைக்குப் பாலியகாத்தே என்று பெயர். பழவேற்காட்டுத் துணியிலிருந்து வந்த பெயர் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். சோழமண்டலக் கரைத் துணிகளும் மணிலா வழியாக அகாபுல்கோ போயின. நீங்கள் போன அதே கடல் வழி. துணிக்குக் கிடைத்த வரவேற்பு உங்களுக்குக் கிடைக்கவில்லை.

புவெப்லா அரங்கில் ஒரு சிறு அட்டை வைத்தால் போதும் என்பேன்: உடை 19-ஆம் நூற்றாண்டு நகரப் பெண்களுடையது, பெயரோடு சேர்ந்த கதை இந்தியாவிலிருந்து கடத்தி வரப்பட்ட ஒரு பெண்ணுடையது, அவர் இந்த உடையை அணிந்ததில்லை. அதன் கீழே, அந்தப் பாவாடையில் ஜிகினா தைத்தவரின் பெயரும் ஊரும்.

இப்படிக்கு,
பழவேற்காட்டுக்காரன் ஒருவன்