உன் தராசு கெட்டுப்போகவில்லை, மல்லிகா

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மிளகு இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்ததா? காப்பியைப் புரட்டுகிறேன் என்று களத்தில் இறங்கிவிடப் போகிறார், பார்த்துக்கொள். இங்கே மாசி முடிவதற்குள்ளேயே வெயில் வந்துவிட்டது. மத்தியானம் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை.

முதலில் தராசு விஷயம். கார்த்தி 100 கிராம் எடைக்கல்லை வைத்தால் 99.974 என்று காட்டுகிறது, பத்து தடவை எடுத்து வைத்தாலும் அதே எண்தான், சேலத்துக் கடைக்காரர் கெட்ட தராசைத் தலையில் கட்டிவிட்டார் என்று எழுதியிருந்தாய். அவர் மேல் தப்பு இல்லை, மல்லிகா. தராசு நன்றாகத்தான் இருக்கிறது. மலை ஏறியதுதான் காரணம்.

மின்னணுத் தராசு தட்டில் இருக்கும் பொருளைப் பூமி எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து, அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். உங்கள் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் அந்த இழுப்பு பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு குறைந்துவிடுகிறது. காய்கறிக் கடைத் தராசில் அது தெரியாது. மூன்று தசமம் காட்டும் தராசில் 100 கிராமுக்கு 20, 30 மில்லிகிராம் குறைவாகத் தெரியும். கல்லூரியில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை போட்டோமே, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இரட்டைத் தட்டுத் தராசு, அதை மலைக்குத் தூக்கிப் போயிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அதில் கல்லும் பொருளும் எதிரெதிரே இருப்பதால் இரண்டையும் பூமி ஒரே அளவுதான் இழுக்கும்.

கார்த்தி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆடாத மேடையில் தராசை வைத்து, நீர்க்குமிழி வட்டத்தின் நடுவில் நிற்கும்படி கால்களைத் திருகட்டும். ஒரு மணி நேரம் மின்சாரத்தில் இருக்கட்டும். அப்புறம் சான்றிதழ் உள்ள அந்த எடைக்கல்லை வைத்தே, சரியாக 100 காட்டும்படி அளவுத்திருத்தம் செய்யட்டும். செய்த தேதியையும், திருத்துவதற்கு முன் காட்டிய எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல். முன் காட்டிய எண் ரொம்ப முக்கியம். பழைய முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்று நாளைக்கு அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

காப்பிக்கு இதுவரை போட்ட ஈரப்பதக் கணக்கெல்லாம் வீணா என்று பயப்படாதே. ஈரப்பதம் என்பது விகிதம். காய்வதற்கு முன் எடுத்த எடையும் பின் எடுத்த எடையும் அதே தராசில், அதே பங்கு குறைவாக வந்தவை. வகுக்கும்போது அந்தக் குறை அடிபட்டுப் போகும். உங்கள் ஊரில் நான் பயப்படுவது பனியைத்தான். 105 டிகிரி அடுப்பிலிருந்து எடுத்த காப்பித்தூள் ஈரக் காற்றை உடனே உறிஞ்சும். சூட்டோடு எடை போட்டாலும் தப்பு, தட்டின் மேல் எழும் சூடான காற்று எடையைக் குறைத்துக் காட்டும். மூடி போட்டு எடுத்து, உலர்கலத்தில், அதாவது ஈரக் காற்றுப் புகாத மூடிய பாத்திரத்தில், ஆறவிட்டு, பிறகுதான் எடை. உள்ளே ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் நீல சிலிக்கா ஜெல் வெளிறிப்போயிருந்தால் அந்த உலர்கலம் சும்மா ஒரு டப்பாதான்.

பத்து தடவையும் ஒரே எண் வந்ததாக எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போன மாதம் எங்கள் தண்ணீர் ஆய்வகத்தில் நடந்ததும் அதேதான்.

வெளியிலிருந்து சோதனைக்கு ஒரு தண்ணீர் மாதிரி வந்தது. பல ஆய்வகங்களுக்கு ஒரே தண்ணீரை அனுப்பி, யார் யாருக்கு எவ்வளவு வருகிறது என்று ஒப்பிடுவார்கள். நாங்கள் கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் அளவு, லிட்டருக்கு 431 மில்லிகிராம் என்று அனுப்பினோம். அவர்கள் ஒப்புக்கொண்ட மதிப்பு 420. அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று காட்டும் இசட் மதிப்பெண் எங்களுக்கு 2.2. இரண்டுக்குள் இருந்தால் சரி, மூன்றைத் தொட்டால் தோல்வி, நடுவில் இருந்தால் யோசிக்க வேண்டிய இடம். தோற்கவில்லையே, விட்டுவிடலாம் என்று மேலே இருப்பவர்கள் சொன்னார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு தடவை செய்கிறோம், இரண்டும் ஒத்துப்போகிறது. பிறகு எப்படி 11 கூடும்?

கட்டுப்பாட்டு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன். 1924-ல் ஷூஹார்ட் என்ற அமெரிக்கர் தொழிற்சாலைக்காக வகுத்தது, இன்றைக்கு எல்லா ஆய்வகச் சுவரிலும் தொங்குகிறது. கடினத்தன்மை 300 என்று தெரிந்த ஒரு தண்ணீரை தினமும் செய்து புள்ளி வைப்போம். 301, 302, 302, 304, 305, 306, 307. எல்லாமே எச்சரிக்கைக் கோட்டுக்குள்தான். ஆனால் ஏழு புள்ளியும் நடுக்கோட்டுக்கு மேலேயே, படி ஏறுவது போல. தினமும் புள்ளி வைத்த கை கோட்டைத் தாண்டியதா என்று மட்டும் பார்த்திருக்கிறது. அதில் என் கையும் உண்டு.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், ஓமலூர்ப் பக்கம். அவளை உட்காரவைத்து, கடினத்தன்மையை அளக்க நாங்கள் சொட்டுச் சொட்டாக விடும் ஈடிடிஏ கரைசலின் பலம் சரியா என்று, அளவு தெரிந்த கால்சியம் திட்டக் கரைசல் 25 மில்லியை வைத்துத் தரம் பார்க்கச் சொன்னேன். எத்தனை வர வேண்டும் என்று சொல்லவில்லை. அம்மோனியா வாடையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குடுவையைச் சுழற்றிச் சுழற்றி விட்டாள். ஒயின் சிவப்பு மெல்ல ஊதாவாகி, கடைசிச் சொட்டில் சுத்தமான நீலமாக நின்றது. "அக்கா, 25.65" என்றாள். மறுபடி செய்தாள், 25.65. வர வேண்டியது 25.00.

ஈடிடிஏ வைத்திருந்த பிளாஸ்டிக் கேன் விரிசல் விட்டதால் யாரோ அதைப் பழைய கண்ணாடிப் புட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். மட்டமான கண்ணாடியிலிருந்து கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும், ஈடிடிஏ அதைப் பிடித்துக்கொண்டு பலம் குறையும். பலம் குறைந்தால் அதிகம் செலவாகும், கணக்கில் கடினத்தன்மை கூடும். இதைத் தெரிந்துகொள்ளத்தான் வாரம் ஒரு தடவை தரம் பார்க்க வேண்டும் என்ற விதி. அங்கீகாரத் தணிக்கை வருகிறது என்று கோப்பு அடுக்கியதில் ஆறு வாரம் அதைச் செய்யவில்லை. ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தர நடைமுறையெல்லாம் தாளில் அழகாக இருந்தது.

அந்த ஆறு வாரத்தில் போன அறிக்கைகளில் ஒன்று ஒரு ஊராட்சியின் ஆழ்துளைக் கிணறு. 611 என்று கொடுத்திருந்தோம். குடிநீருக்கு 200 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் எண்ணை நம்பி அந்தக் கிணற்றை நிறுத்திவிட்டு லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கெடாமல் இருக்க நைட்ரிக் அமிலம் விட்டு எடுத்து வைத்திருந்த மீதித் தண்ணீரைப் புதுக் கரைசலில் செய்தோம். 596. அப்போதும் அந்தக் கிணறு நல்லது என்று எழுதிவிட முடியாது. எங்கள் அளவீட்டின் ஐயப்பாடு, அதாவது எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது, கூட்டல் கழித்தல் 12. உண்மையான மதிப்பு 600-க்கு இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம். அதையும் சேர்த்துத்தான் திருத்திய அறிக்கை கொடுத்தோம். 2.6 சதவீதம்தானே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அந்த 2.6 சதவீதத்துக்குள்தான் ஒரு ஊர் தண்ணீருக்கு வரிசையில் நின்றது என்று சொன்னேன். கடைசியில் ஆறு வார அறிக்கையையும் திரும்பப் பெற ஒத்துக்கொண்டார்கள். நானே ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். இரண்டு பேர் கோபப்பட்டார்கள். மற்றவர்கள் நன்றி சொன்னார்கள்.

அதனால்தான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கார்த்தியின் தராசு, கார்த்தியின் அடுப்பு, கார்த்தியின் கை, இது மூன்றும் எத்தனை தடவை ஒத்துப்போனாலும் போதாது. மலைக்கு வெளியே இருக்கும் யாராவது அதே காப்பியைச் செய்து பார்க்க வேண்டும். காற்றுப் புகாத உறையில் மூன்று பொட்டலம் எனக்கு அனுப்பு. அதில் இரண்டு ஒரே மூட்டையிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும், மூன்றாவது வேறு மூட்டை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் போடு. எது எந்த மூட்டை என்ற சீட்டைக் கார்த்தி பூட்டி வைக்கட்டும், என்னிடம் சொல்ல வேண்டாம். நான் செய்து எண்ணை அனுப்பிய பிறகு சீட்டைப் பிரித்துப் பாருங்கள்.

பங்குனியில் நான் அங்கே வரும்போது நம் எடைக்கல்லையும் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
தமிழரசி