எடைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்ட சிஸ்டருக்கு

பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். 30 வாரத்தில் 1,180 கிராமோடு பிறந்தவள். நடந்தது என்னவென்று வார்டில் இருந்த உங்களில் பலருக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்லும் தெம்பு இப்போது இல்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறோம். முதல் நன்றி, விடியற்காலைப் பால் கொடுப்பதற்கு முன்னால் எடை பார்க்கும் அந்த சிஸ்டருக்கு.

சிஸ்டர், நீங்கள் செய்தது சின்ன வேலை என்றுதான் நினைப்பீர்கள். எடை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டு, மேலே ‘உடன் இருந்தவை’ என்று எழுதினீர்கள். ஊசி நகராமல் இருக்கக் கையில் கட்டிய ஸ்ப்ளின்ட் என்ற சின்னப் பலகை, ஊசி, பிளாஸ்டர், மூக்கில் போகும் பால் டியூப், தொப்பி, பிறகு குழந்தையை அம்மா நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு வார்டுக்கு வந்ததும் பாட்டி கட்டிவிட்ட அரைஞாண் கயிறு, கறுப்பு வளையல் என்று அன்றன்று பாப்பா மேல் இருந்ததையெல்லாம் அதில் குறித்தீர்கள். பாட்டியை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

அந்தக் கட்டம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு முதல் சில நாட்கள் எடை இறங்கும். உடம்பில் இருக்கும் அதிகப்படி நீர் வெளியேறுவதால் பிறந்த எடையில் 10 சதவீதம், ரொம்பவும் முன்னாடி பிறந்திருந்தால் 15 சதவீதம் வரைகூடக் குறையலாம். பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு கிலோவுக்குத் தினம் 15 முதல் 20 கிராம் ஏற வேண்டும். 1,200 கிராம் குழந்தைக்கு அது வெறும் 18 முதல் 24 கிராம். நனைந்த டயப்பர் ஒன்றே அதைவிடக் கனமாக இருக்கும்!

எங்கள் பாப்பாவுக்கு ஒரு நாள் 1,305 கிராம், மறுநாள் 1,300. இறங்கிவிட்டது என்று எல்லோருக்கும் முகம் வாடியது. நீங்கள் பக்கத்துக் கட்டத்தைக் காட்டினீர்கள். முந்தின நாள் ஸ்ப்ளின்ட் இருந்தது, அன்று கழற்றியாயிற்று. அதே மாதிரி ஸ்ப்ளின்டைப் பிளாஸ்டரோடு மெஷினில் வைத்தீர்கள், 25 கிராம். அப்படியானால் முந்தின நாள் உண்மையான எடை 1,280. பாப்பா 20 கிராம் ஏறியிருக்கிறாள். எடை நிஜமாகவே இறங்கியது என்று எடுத்துக்கொண்டிருந்தால் கிருமித்தொற்றோ என்று ரத்தம் எடுத்திருப்பார்கள். குழந்தைக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லிதான் ரத்தம். எங்கள் பாப்பாவின் மொத்த ரத்தமும் ஒரு டீ கிளாஸில் அடங்கிவிடும். அதிலிருந்து ஒரு மில்லியை நீங்கள் மிச்சப்படுத்தினாலும் எங்களுக்கு அது பெரிது.

நீங்கள் எடை பார்க்கும் முறையைப் பக்கத்துப் படுக்கை அம்மாக்களும் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். தினமும் அதே மெஷின், அதே நேரம். மெஷின் ஆடாத சமதளத்தில் இருக்கும். கதகதப்பான துணியை விரித்த பிறகுதான் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவீர்கள். அந்த வரிசை மாறினால் துணியின் எடையும் சேர்ந்துவிடும். டயப்பரைக் கழற்றி, ஒயரையும் டியூபையும் ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்து, பாப்பா கைகால் உதைப்பது நிற்கும்வரை காத்திருப்பீர்கள். எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை வைப்பீர்கள். இரண்டும் ஒத்து வந்தால்தான் எழுதுவீர்கள். இத்தனையும் சீக்கிரம் முடியும், பாப்பாவுக்குக் குளிர் தட்டாது. குளிர்ந்தால், எடையாக வேண்டிய சத்தெல்லாம் உடம்பைச் சூடாக்கவே செலவாகிவிடும்.

தினசரி எண்ணைப் பார்த்து அழ வேண்டாம், ஏழு நாளைச் சேர்த்துப் பாருங்கள் என்று கணக்கும் போட்டுக் காட்டினீர்கள். 1,320 கிராம் ஏழு நாளில் 1,460 ஆனால் 140 கிராம், தினம் 20. சராசரி எடை 1.39 கிலோ. 20ஐ அதால் வகுத்தால் கிலோவுக்கு 14.4. மோசமில்லை, ஆனால் கொஞ்சம் குறைவு. அப்போது நீங்கள் முதலில் தேடியது நோயை அல்ல, பால் அளவை. கிலோவுக்குத் தினம் 160 மில்லி என்றால் 1,460 கிராமுக்கு 233 மில்லி வேண்டும். போன வார எடைக்கே கொடுத்துக்கொண்டிருந்தால் 211தான் போகும், தினம் 22 மில்லி குறைகிறது. டாக்டரிடம் சொல்லி அன்றைக்கே அளவை மாற்ற வைத்தீர்கள். பம்ப் வைத்து மெதுவாகப் பால் போகும் குழந்தைகளுக்கு, பாலின் கொழுப்பு சிரிஞ்சிலும் டியூபிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே போகாமல் நின்றுவிடும் என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால்தான் ரத்தசோகை, சோடியம் குறைவு, தொற்று என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் மறக்க மாட்டோம். பக்கத்துப் பாப்பாவுக்கு ஒரே நாளில் 80 கிராம் கூடியபோது அம்மா சந்தோஷப்பட்டார். நீங்கள் கண்ணிமையைப் பார்த்து, பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டீர்கள். அது சதையல்ல, நீர். உடன் இருந்தவை கட்டத்தில் ‘வீக்கம்’ என்று எழுதினீர்கள்.

வாரம் ஒருமுறை நீளமும் தலைச்சுற்றளவும் அளந்து குறைமாதக் குழந்தைகளின் வளர்ச்சியைக் காட்டும் ஃபென்டன் வரைபடத்தில் புள்ளி வைத்த டாக்டர்களுக்கும், பாலாடையில் சிந்தாமல் புகட்டச் சொல்லித்தந்த ஸ்டாஃபுக்கும், தாய்ப்பால் வங்கிக்குப் பால் கொடுத்த முகம் தெரியாத அம்மாக்களுக்கும், பாப்பாவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார நாற்காலி தேடித் தந்த வார்டு அக்காவுக்கும், எங்களை வீட்டில் இறக்கிவிட்ட 102 வண்டி அண்ணனுக்கும் எங்கள் நன்றி.

உங்கள் நோட்டுப் பக்கத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறோம். தேதி, எடை, உடன் இருந்தவை, ஏழு நாள் கணக்கு என்று நான்கு கட்டம் போட்ட நோட்டுகளாகத் தைத்து, கங்காரு வார்டுக்கு வரும் ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒன்று கிடைக்கும்படி மாதாமாதம் கொண்டுவந்து தருவோம். தொலையாமல் இருக்கப் பேனா ஒன்றும் ஒவ்வொரு நோட்டோடும் கட்டியிருக்கும். வாங்கி வையுங்கள், சிஸ்டர்.