கிரீன்லாந்து: விலை பேசுவோர் மறந்த கையெழுத்துகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிரீன்லாந்தைப் பற்றி நம் இதழ்களில் வெளிவரும் செய்திகளையும் கட்டுரைகளையும் தொடர்ந்து படித்து வருகிறேன். டென்மார்க் அரசின் கீழ் தன்னாட்சியோடு இருக்கும் அந்தத் தீவை அமெரிக்காவுக்கு வேண்டும் என்று அதிபர் டிரம்ப் கேட்டதை ஒட்டி எழுந்தவை அவை. அமெரிக்கா என்ன கேட்டது, டென்மார்க் என்ன பதில் சொன்னது, இவர்கள் சண்டையில் இருவரும் உறுப்பினர்களாக உள்ள நேட்டோ ராணுவக் கூட்டணி என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே அவற்றில் பெரும்பாலானவை அமைந்திருக்கின்றன. ஆளில்லாத பனிவெளி ஒன்றின் பட்டா யார் பெயரில் இருக்க வேண்டும் என்று இரண்டு கூட்டாளிகள் வழக்காடுவதைப் போன்ற எண்ணமே இதனால் வாசகர் மனத்தில் பதிகிறது. அந்த நிலத்தின் உரிமை குறித்து அமெரிக்கா ஏற்கெனவே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குறுதிகளும், தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்க அங்குள்ள மக்களுக்குச் சட்டம் அளித்திருக்கும் உரிமையும் அநேகமாகப் பேசப்படுவதே இல்லை. இவ்விரண்டையும் அறிந்த ஒருவருக்கு இதில் பேரம் பேச இடமே கிடையாது என்பது விளங்கிவிடும் என்று நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கரீபியன் கடலில் டென்மார்க்கின் வசம் இருந்த தீவுகளை, அதாவது இன்றைய அமெரிக்க வர்ஜின் தீவுகளை, இரண்டரைக் கோடி டாலர் பெறுமான தங்கத்துக்கு வாங்க 1916ஆம் ஆண்டு அமெரிக்கா ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த விற்பனைக்கு டென்மார்க் ஒரு நிபந்தனை விதித்தது. அதை ஏற்று, டென்மார்க் தன் அரசியல், பொருளாதார நலன்களைக் கிரீன்லாந்து முழுவதற்கும் விரிவுபடுத்துவதற்கு அமெரிக்க அரசு ஆட்சேபம் தெரிவிக்காது என்று அன்றைய வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் எழுத்து மூலம் அறிவித்தார். ஒரு கையால் தீவுகளைப் பெற்றுக்கொண்டு மறு கையால் கொடுத்த உறுதிமொழி அது. பெற்ற தீவுகள் இன்றளவும் அமெரிக்காவிடமே இருக்கின்றன.

இத்தகைய வாக்குக்குச் சட்டத்தில் எவ்வளவு எடை உண்டு என்பதை இதே கிரீன்லாந்து தொடர்பான ஒரு வழக்கே காட்டியிருக்கிறது. 1931ஆம் ஆண்டு கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு பகுதியை நார்வே தனதென்று அறிவித்தது. அங்கே டென்மார்க்கின் ஆட்சி நடைமுறையில் இல்லை, ஆகவே அது உரிமையாளர் இல்லாத நிலம் என்பது நார்வேயின் வாதம். டென்மார்க் படையை அனுப்பவில்லை. ஹேக் நகரில் இருந்த நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றத்தை நாடியது. மக்கள் மிக அரிதாக வாழும் தொலைதூர நிலங்களில் ஆட்சி அதிகாரம் சிறிதளவே செலுத்தப்பட்டிருந்தாலும், அதைவிட வலுவான உரிமையை வேறெவரும் காட்டாதவரை அதுவே போதும் என்று நீதிமன்றம் 1933 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதைவிட முக்கியமானது தீர்ப்பின் இன்னொரு பகுதி. 1919இல் நார்வேயின் வெளியுறவு அமைச்சர் நில்ஸ் இலென், கிரீன்லாந்து விவகாரத்தைத் தீர்ப்பதில் தம் அரசு எந்தச் சிக்கலும் ஏற்படுத்தாது என்று டென்மார்க்கின் தூதரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். ஒப்பந்தமில்லை, முத்திரையில்லை, பேசிய சொல்லும் அதை அவர் எழுதிவைத்த குறிப்பும் மட்டுமே இருந்தன. அந்தச் சொல்லே நார்வேயைக் கட்டுப்படுத்தும் என்றது நீதிமன்றம். நார்வேயும் தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதே இரு நாடுகளும் 1949இல் நேட்டோவின் நிறுவன உறுப்பினர்களாக ஒன்றாக அமர்ந்தன.

ஓர் அமைச்சரின் வாய்ச்சொல்லுக்கே இத்தனை வலிமை உண்டென்றால், வெளியுறவுச் செயலர் எழுதிக் கையொப்பமிட்ட அறிக்கைக்கு எவ்வளவு வலிமை இருக்க வேண்டும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அதுவும் ஒரே ஒரு முறை கொடுத்த வாக்கன்று. ஜெர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றிச் சரியாக ஓராண்டு கழித்து, 1941 ஏப்ரல் 9 அன்று, வாஷிங்டனில் இருந்த டென்மார்க் தூதர் ஹென்ரிக் காவ்ஃப்மன், கிரீன்லாந்தில் தளங்கள் அமைக்க அமெரிக்காவுக்கு இடமளித்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கிரீன்லாந்தின் மீதான டென்மார்க்கின் இறையாண்மையை அமெரிக்கா மீண்டும் அங்கீகரிப்பதாக அந்த ஒப்பந்தமும் கூறுகிறது. போர் முடிந்த பிறகு, 1946இல், அமெரிக்க அதிபர் ட்ரூமனின் அரசு பத்துக் கோடி டாலர் தங்கம் தருவதாகச் சொல்லி அதே நிலத்தை விலைக்குக் கேட்டது வேறு கதை. டென்மார்க் மறுத்தது, மறுத்தும் நட்பு முறியவில்லை. 1951 ஏப்ரல் 27 அன்று இரு நாடுகளும் கிரீன்லாந்தின் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன.

இந்த 1951 உடன்படிக்கையைப் பற்றித்தான் நம் செய்திகள் இன்னும் விரிவாகப் பேச வேண்டும். தேசப் பாதுகாப்புக்குக் கிரீன்லாந்து அவசியம் என்பதே 2019இலும், பிறகு 2025இலும் அதிபர் டிரம்ப் முன்வைத்த காரணம். காரணம் பொய்யென்று சொல்லமாட்டேன். ரஷ்யாவிலிருந்து வட அமெரிக்காவை நோக்கி ஏவுகணை புறப்பட்டால் அதன் குறுகிய பாதை வடதுருவப் பகுதியின் வழியாகவே செல்லும். அதை முன்கூட்டியே கண்டறியும் ரேடார் கிரீன்லாந்தின் வடமேற்கில் இருக்கும் பிடுஃபிக் தளத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தளம் அங்கே இருப்பதே இந்த உடன்படிக்கையின் பலத்தில்தான். டென்மார்க்கின் இறையாண்மைக்குப் பங்கமின்றி, வரையறுத்த பாதுகாப்புப் பகுதிகளில் கட்டடம் எழுப்பவும், படைகளை நிறுத்தவும், விமானங்களையும் கப்பல்களையும் இயக்கவும் அமெரிக்காவுக்கு அது அனுமதி அளிக்கிறது. நேட்டோ ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்வரை தானும் நடைமுறையில் இருக்கும் என்றும் சொல்கிறது. பனிப்போர்க் காலத்தில் ஆயிரக்கணக்கான அமெரிக்கப் படையினர் கிரீன்லாந்தில் இருந்தனர். அந்த எண்ணிக்கையைப் பிற்காலத்தில் சுருக்கிக்கொண்டது அமெரிக்காவின் முடிவே. யாரும் அவர்களை வெளியேற்றவில்லை. பாதுகாப்புக்குத் தேவையானதைக் கேட்டுப் பெறும் வழி முக்கால் நூற்றாண்டாகத் திறந்தே இருக்கும்போது, நிலத்தின் உரிமையையே மாற்றிக் கேட்பதற்குப் பாதுகாப்பு காரணமாக முடியாது. நேட்டோ ஒப்பந்தத்தின் முதல் பிரிவே உறுப்பு நாடுகள் தம் பன்னாட்டுப் பிணக்குகளை அமைதி வழியில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், பலப் பிரயோகத்தையோ அச்சுறுத்தலையோ தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. படைபலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி கூற முடியாது என்று ஒரு கூட்டாளி மற்றொரு கூட்டாளியைப் பார்த்துச் சொன்ன அந்த 2025 ஜனவரியிலேயே அப்பிரிவுக்கு இழுக்கு நேர்ந்துவிட்டது என்பது என் கருத்து.

இவ்வளவும் அரசுகளின் கணக்கு. இதில் டென்மார்க்கின் பக்கம் நான் நிற்பதாக வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. அதே பிடுஃபிக் தளத்தின் வரலாற்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இரண்டு நண்பர்களுமே எப்படி நடந்துகொண்டார்கள் என்பது தெரியும். தளத்துக்கு அருகில், தட்டையான உச்சியுடைய ஒரு மலையின் அடிவாரத்தில், உம்மன்னாக் என்ற குடியிருப்பு இருந்தது. கிரீன்லாந்தின் பழங்குடிகளான இனுயிட் மக்களில் ஒரு பிரிவான இனுகுயிட் வேட்டைக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. தளத்தை விரிவுபடுத்த வேண்டும் என்று முடிவானதும், 1953 மே மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அந்த மக்கள் சில நாள் அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். நாய்கள் இழுத்த சறுக்குவண்டிகளில் ஏற்ற முடிந்ததை ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் வடக்கே கானாக் என்ற இடத்துக்குப் போனார்கள். அங்கே வீடுகள் தயாராக இல்லை. இலையுதிர் காலம்வரை கூடாரங்களில் காலம் தள்ளினார்கள். அவர்கள் வெளியேற்றப்பட்ட சில நாட்களில், ஜூன் 5 அன்று, டென்மார்க்கின் புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து, கிரீன்லாந்தின் காலனி நிலை முடிவுக்கு வந்தது. அவர்கள் சம உரிமை பெற்ற குடிமக்கள் ஆவதற்குச் சற்று முன்னரே வீட்டை இழந்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் நீங்கவில்லை. அது கட்டாய இடப்பெயர்வே என்று டென்மார்க் நீதிமன்றம் 1999இல் ஏற்றது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2003இல் உச்ச நீதிமன்றமும் இழப்பீட்டை உறுதிசெய்தது. திரும்பிச் செல்லும் உரிமையை மட்டும் தரவில்லை.

1968 ஜனவரியில் நான்கு ஹைட்ரஜன் குண்டுகளைச் சுமந்த அமெரிக்க பி-52 விமானம் அதே தளத்துக்கு அருகில் கடல்பனியில் விழுந்து கதிரியக்கம் பரவியதும், 1960களிலும் 70களிலும் ஆயிரக்கணக்கான இனுயிட் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும், பலருக்கு அவர்கள் அறியாமலேயே, டென்மார்க் மருத்துவர்கள் கருத்தடைச் சாதனம் பொருத்தியதும், அதற்காக 2025இல்தான் பிரதமர் மெட்டே ஃபிரடெரிக்சன் மன்னிப்புக் கேட்டதும் இதே வரலாற்றின் பகுதிகளே.

இப்படிப்பட்ட அனுபவத்துக்குப் பிறகுதான் அம்மக்கள் படிப்படியாகத் தங்கள் உரிமையைப் பெற்றார்கள். 1979இல் உள்நாட்டு விவகாரங்களைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமை கிடைத்தது. 1985இல் தங்கள் மீன்வளத்தைத் தாங்களே ஆள வேண்டும் என்பதற்காக இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலிருந்து வெளியேறினார்கள். 2008இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 75 சதவீதத்தினர் ஆதரித்ததன் பேரில் 2009 ஜூனில் தன்னாட்சிச் சட்டம் வந்தது. கிரீன்லாந்து மக்கள் பன்னாட்டுச் சட்டத்தின்படி சுயநிர்ணய உரிமை கொண்ட மக்களினம் என்று அதன் முகவுரை ஏற்கிறது. விடுதலை பற்றிய முடிவை கிரீன்லாந்து மக்களே எடுப்பார்கள் என்று அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. அந்த முடிவை நடைமுறைப்படுத்த டென்மார்க் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை என்பது உண்மை. ஆனால் நிலத்தை வேறொருவருக்கு விற்கும் அதிகாரம் டென்மார்க்குக்கு அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. கனிம வளங்களும் இன்று கிரீன்லாந்து அரசின் பொறுப்பிலேயே இருக்கின்றன. யுரேனியம் கலந்த அரிய கனிமங்களைத் தோண்டும் திட்டம் ஒன்று தெற்கே எழுந்தபோது, 2021 தேர்தலில் அதை எதிர்த்து வாக்களித்து, அதே ஆண்டு யுரேனியச் சுரங்கங்களைத் தடைசெய்யும் சட்டத்தையும் இயற்றியவர்கள் சுமார் 57,000 பேரே உள்ள அந்த மக்கள். டென்மார்க் ஆண்டுதோறும் தரும் மானியம் இல்லாமல் இன்றைக்கு அவர்களால் அரசை நடத்த முடியாது. அவர்களில் பெரும்பாலோர் என்றேனும் ஒருநாள் விடுதலை வேண்டும் என்றே விரும்புகிறார்கள். அமெரிக்காவோடு சேர விருப்பமா என்று 2025 ஜனவரியில் நடந்த கருத்துக்கணிப்பு கேட்டபோதோ 85 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

நேச நாடுகள் தம் நிலத் தகராறை முறையாகத் தீர்த்துக்கொண்ட முன்மாதிரியும் அதே கரையோரத்திலேயே இருக்கிறது. கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையில் நேர்ஸ் நீரிணையில் உள்ள ஹான்ஸ் தீவு, 1.3 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வெறும் பாறை. 1973இல் கனடாவும் டென்மார்க்கும் கடலடி எல்லையை வகுத்தபோது இந்தப் பாறை வந்த இடத்தில் மட்டும் கோட்டை நிறுத்தி, அப்பால் தொடர்ந்தன. பிறகு ஒரு நாட்டினர் கொடி நட்டு ஒரு மதுப்புட்டியை வைத்துவிட்டு வருவார்கள். மற்றவர்கள் போய் அதை எடுத்துத் தங்கள் கொடியையும் தங்கள் புட்டியையும் வைப்பார்கள். பத்திரிகைகள் இதை விளையாட்டாகவே எழுதிவந்தன. ஆனால் 2022 ஜூன் 14 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் விளையாட்டன்று. தீவின் குறுக்கே இயற்கையாக அமைந்த ஒரு பள்ளத்தையொட்டி எல்லை வகுக்கப்பட்டது. கிரீன்லாந்தின் பிரதமரும் மேசையில் இருந்தார். தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடிவரும் இரு கரை இனுயிட் மக்களும் தடையின்றி வந்துபோகும் உரிமை காப்பாற்றப்பட்டது. தார்துபாலுக் என்ற அவர்களது பெயரும் அரசு ஆவணங்களில் ஏறியது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. கிரீன்லாந்து குறித்து அடுத்த செய்தி வரும்போது அதன் அருகே 1951 உடன்படிக்கையின் முக்கியப் பிரிவுகளையும் தன்னாட்சிச் சட்டத்தின் 21ஆம் பிரிவையும் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். வாஷிங்டன், கோபன்ஹேகன் நகரங்களின் அறிக்கைகளோடு, நூக் நகரில் கூடும் அம்மக்களின் நாடாளுமன்றம் என்ன சொன்னது என்பதையும் சேர்த்துத் தாருங்கள். தலைப்பில் 'பனித்தீவு யாருக்கு?' என்ற கேள்வியை மட்டுமாவது இனித் தவிர்த்துவிடுங்கள். அதற்கான பதில் 2009இலேயே சட்டமாக எழுதப்பட்டுவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்