சைட்லைனில் நிற்கும் மகனுக்கு

ராசா,

வாட்ஸ்அப்பில் மூன்று தடவை தட்டி மூன்று தடவையும் அழித்துவிட்டேன். அதனால்தான் இந்தத் தாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உன்னை அழ அழ உட்கார வைத்த புண்ணியத்தில் எப்படியும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாய். மெதுவாக வாசித்தால் போதும், அவசரம் ஒன்றும் இல்லை.

உங்கள் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் குவாட்டர்பேக் இடம் யாருக்கு என்று நேற்று ராத்திரி நீ அனுப்பியது ஒரே வரி. அவனுக்குக் கொடுத்துட்டாங்க, அவ்வளவுதான். அப்பா அதை வாசித்துவிட்டு கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் ஒரு மணி நேரம் கழித்து, வாங்கப் போன பாலை வாங்காமலே திரும்பி வந்தார். அதற்குள் அவர் மண்டைக்குள் முழுத் திட்டமும் தயார். சீசன் முடிந்ததும், வேறு கல்லூரிக்கு மாற நினைக்கிறவர்கள் பதிகிற அந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் போட வேண்டும், அதுவரைக்கும் நாலு ஆட்டத்துக்கு மேல் ஆடக்கூடாது, அப்போதுதான் கல்லூரியில் ஆடக் கிடைக்கும் வருஷங்களில் ஒன்று மிச்சமாகும், இப்படியே போகிறது. ஜனவரியில் போர்ட்டல் வழியாக வந்தவனைக் காசு கொடுத்துத்தானே கூட்டி வந்தார்கள், அவனைப் பெஞ்சில் உட்கார வைப்பார்களா, ஆகஸ்ட் கேம்ப் முழுக்க வெறும் நாடகம் என்கிறார். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஜூலையில் விளையாட்டுப் பிள்ளைகள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது, 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம் என்றும் ஆகிவிட்டது. ஆனால் நீ கேம்ப்பின் இரண்டாவது வாரம் போனில் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாவது டவுன் முயற்சியில் பந்தை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொள்கிறேன் அம்மா, அவன் டக்கென்று விட்டுவிடுகிறான் என்றாய். அப்பாவிடம் அதை நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் எழுத வந்தது வேறு விஷயம். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஏப்ரலில் உங்கள் அணியே இரண்டாகப் பிரிந்து ஆடும் ஸ்பிரிங் கேமுக்கு வந்தோமே. எனக்கு இரண்டு வரிசை கீழே அவனுடைய அம்மா உட்கார்ந்திருந்தார், அவன் நம்பர் போட்ட ஜெர்சியோடு. இரண்டாவது குவார்ட்டரில் அவன் எறிந்த பந்தை எதிர்ப்பக்கத்துப் பையன் பிடித்துவிட்டான், ஞாபகம் இருக்கிறதா? அந்த நிமிஷம் என் வாயிலிருந்து “அப்பாடா” என்று வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது. அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அப்பாடாவுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு, மூச்சே சொல்லிவிடும். நான் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இடைவேளையில் பாத்ரூம் வரிசையில் சரியாக எனக்கு முன்னால் அவர். நீங்கள் அவனுடைய அம்மாவா என்று உன் பெயரைச் சொல்லிக் கேட்டார். ஜனவரியில் என் மகன் யாரையும் தெரியாமல் வந்து இறங்கியபோது ஆட்டத்தைச் சொல்லும் சைகைகளை எல்லாம் உங்கள் பையன்தான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தானாம், வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னான் என்றார். நீ எங்களிடம் இதைச் சொல்லவே இல்லை. எனக்குத் தரை விலகிக் கொள்ளாதா என்று இருந்தது. தேங்க்யூ என்றேன். அதற்கு எதற்குத் தேங்க்யூ என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லுக்கு வந்த புதிதில் எனக்கு இந்த ஆட்டம் தலையும் புரியாது வாலும் புரியாது. பத்து செகண்டு ஓடுகிறார்கள், ஐந்து நிமிஷம் நின்று பேசுகிறார்கள், இதற்கா ஊரே சனிக்கிழமை கடையை மூடுகிறது என்று கேட்டிருக்கிறேன். நீ பந்தைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் நாலைந்து பேர் மாறி மாறி உள்ளே போகலாம். டிஃபென்ஸில் களைத்தவன் வெளியே வர இன்னொருவன் போவான். குவாட்டர்பேக்குக்கு மட்டும் அது கிடையாது. ஒவ்வொரு தடவையும் பந்து அவன் கையிலிருந்துதான் கிளம்புகிறது, அவன் குரலின் தாளத்துக்குத்தான் முன்வரிசை ஐந்து பேரும் எழும்புகிறார்கள். ஆளை மாற்றினால் அந்தத் தாளம் போய்விடும், அதனால் எந்தக் கோச்சும் ஒரு குரலைத்தான் விரும்புவார். 1999ல் மிச்சிகனில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள்: முதல் குவார்ட்டர் டாம் பிராடி, இரண்டாவது ட்ரூ ஹென்சன், மீதி யார் என்பதை இடைவேளையில் முடிவு செய்வது. சீசன் பாதியில் அதைக் கைவிட்டு பிராடியிடமே கொடுத்துவிட்டார்கள். (அப்பா இந்தக் கதையை, பிராடி தொழில்முறை அணிக்கு 199வது ஆளாக எடுக்கப்பட்டது வரைக்கும் இழுத்துச் சொல்வார். கேட்டுக்கொள், நாற்பது நிமிஷம்தான்.)

ஒருவன்தான் நிற்க முடியும் என்கிற இடம் மற்றவனை என்ன செய்யும் என்று உன் பெரிய மாமாவைக் கேட்டால் தெரியும். கோவில்பட்டியில் எங்கள் தெருப் பையன்கள் எல்லாரும் ஹாக்கி மட்டையோடுதான் திரிவார்கள். மாமா கோலி. இரண்டாவது கோலி. காலில் அந்தப் பெரிய பேடைக் கட்டிக்கொண்டு வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், ஆட்டம் முடிந்ததும் வேர்க்காத சட்டையோடு வீட்டுக்கு வருவார். முதல் கோலிக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று செண்பகவல்லி அம்மனிடம் வேண்டிக்கொண்டதாக என்னிடம் ஒரு நாள் சொன்னார். ஒரு தடவை அந்த அண்ணனுக்கு நிஜமாகவே விரல் முறிந்தது. மாமா ஆடினார், ஜெயித்தார்கள். அவர் ஆடிய மற்ற ஆட்டங்களைப் பற்றி எல்லாம் மணிக்கணக்கில் பேசுவார், அந்த ஒன்றைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். நான் ஸ்பிரிங் கேமிலிருந்து திரும்பி வரும்போது கார் முழுக்க மாமாதான் ஞாபகத்தில் இருந்தார்.

உனக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயதிருக்கும், 2018 ஜனவரி 8, திங்கட்கிழமை ராத்திரி. மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தும் உன்னைத் தூங்க வைக்க முடியவில்லை. அட்லான்டாவில் அலபாமாவும் ஜார்ஜியாவும். இடைவேளையில் 13-0 என்று தோற்றுக்கொண்டிருந்தோம். அதுவரை முதல் குவாட்டர்பேக்காக இறங்கி 25 ஆட்டம் ஜெயித்து இரண்டே இரண்டு தோற்ற ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, டுவா டகோவைலோவா என்கிற முதல் வருஷப் பையனை இறக்கினார் கோச் சேபன். ஓவர்டைமில் 41 யார்டு எறிந்து 26-23 என்று முடித்தானே, நீ சோஃபாவிலிருந்து குதித்து விளக்கை உடைத்தாய். எல்லாரும் டுவாவைப் பார்த்தார்கள். நான் மட்டும் அந்த இன்னொரு பிள்ளையை டிவியில் தேடிக்கொண்டிருந்தேன். அவனும் மற்றவர்களோடு சேர்ந்து குதித்துக்கொண்டிருந்தான். இதைப் பெற்றவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ என்று நினைத்தேன். அந்த வசந்தகாலத்தில் அவன் அப்பா, அவரும் ஒரு ஹைஸ்கூல் கோச், இடம் கிடைக்காவிட்டால் என் மகன்தான் கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே பெரிய ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம் என்கிற மாதிரி பேட்டி கொடுத்தார். அன்றைக்கு நான் அவரைத் திட்டினேன். இப்போது நம் வீட்டுக்குள்ளேயே ஒருவர் அப்படிப் பேசிக்கொண்டு அலைகிறார்.

அந்த டிசம்பரில் அதே ஸ்டேடியம், அதே ஜார்ஜியா. டுவாவுக்குக் கணுக்கால் அடிபட, கடைசி குவார்ட்டரில் ஏழு புள்ளி பின்தங்கியிருக்கும்போது ஹர்ட்ஸ் உள்ளே வந்தான், 35-28 என்று ஜெயித்துக் கொடுத்தான். அதற்கப்புறம் ஒக்லஹோமாவுக்குப் போனான், 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரன். ஆனால் இந்தக் கதையை உனக்கு மருந்தாகக் கொடுக்க நான் வரவில்லை. எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை, உனக்கும் தெரியும்.

எனக்கு அதைவிட அடிக்கடி நினைவுக்கு வருகிறவன் சேஸ் பிரைஸ். அதே 2018, கிளெம்சன் கல்லூரி. முந்தின வருஷம் அணியைச் சாம்பியன்ஷிப் ப்ளேஆஃப் வரை கொண்டுபோன கெல்லி பிரையன்டை நாலு ஆட்டத்துக்குப் பிறகு உட்கார வைத்துவிட்டு இடத்தை டிரெவர் லாரன்ஸுக்குக் கொடுத்தார்கள். பிரையன்ட் அந்த வாரமே மூட்டையைக் கட்டினான், அது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை சிரக்கியூஸோடு ஆட்டம், முதல் பாதியிலேயே லாரன்ஸுக்கு அடி. மிச்சம் இருந்தது பிரைஸ். 94 யார்டு, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஓட்டிக்கொண்டு வந்து 27-23 என்று ஜெயித்தான். அந்த வருஷம் கிளெம்சன் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் சாம்பியன் ஆனது. லாரன்ஸ் குணமாகி வந்ததும் பிரைஸ் மறுபடியும் பெஞ்சுக்கே போனான். அவன் அந்த வாரம் முழுக்க எப்படித் தயாராகியிருப்பான்? லாரன்ஸுக்கு அடிபட வேண்டும் என்று காத்திருந்தவனால் அப்படி ஆடியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இது என் நினைப்பு, தப்பாகவும் இருக்கலாம்.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அவன் கீழே விழும்போது உனக்குள்ளே அப்பாடா என்று வருகிறதா? ஒரு தடவை வந்தால் அது மனுஷ குணம், விட்டுவிடு, உன் அம்மாவுக்கே வந்திருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தால் மட்டும் எனக்குச் சொல். சீசன் முடிந்ததும் நானே அப்பாவோடு உட்கார்ந்து அந்தப் போர்ட்டல் ஃபாரத்தை என்னவென்று பார்க்கிறேன், எந்த ஊர்க் கல்லூரியானாலும் சரி, ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். வரவில்லை என்றால், இருக்க வேண்டும் என்று உனக்கே தோன்றினால், இரு. மாமாவைப் போல வேண்டிக்கொண்டே நாலு வருஷம் பேடைக் கட்டிக்கொண்டு உட்காராதே, அது மட்டும் வேண்டாம்.

அப்புறம் கோச்சிடம் நீயே போய் என்ன குறை என்று கேள். அப்பாவைப் போன் பண்ண விடாதே. நானும் தடுத்து வைத்திருக்கிறேன், எவ்வளவு நாள் முடியும் என்று தெரியவில்லை.

கடலைமிட்டாய் அனுப்பியிருக்கிறேன், அத்தை ஊரிலிருந்து கொண்டு வந்தது. வலது தோளுக்கு ராத்திரி ஐஸ் வைக்கிறாயா இல்லையா, அதற்கும் பதில் எழுது.

முதல் ஆட்டத்துக்கு வரவே மாட்டேன் என்று நேற்று கத்தியவர் இன்று காலை காருக்கு டயர் மாற்றிவிட்டு வந்திருக்கிறார், ஆகவே வருகிறோம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. உங்கள் அணி எந்தப் பக்கத்துச் சைட்லைனில் நிற்கும், அதில் சைகை காட்டுகிறவர்கள் நடுவிலா ஓரத்திலா என்று கேட்டுச் சொல். அதற்கு எதிர்ப்பக்கம் சீட் எடுக்கிறேன், அங்கிருந்தால்தான் உன் முகம் தெரியும்.

அம்மா