சொதிச் சாப்பாட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் மதினிமார்களுக்கும், புனேயில் எங்களுக்குச் சொந்தமாகவே நின்ற சேச்சிக்கும்,

மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முகூர்த்தத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் போன் போட்டு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த மடல் மறுநாள் மத்தியானத்துக்கு மட்டும்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வகையில் கல்யாணம் என்றால் மறுவீட்டு விருந்துக்குத் தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதி உண்டு. முகூர்த்தச் சாப்பாட்டில் உப்பு கூடினால்கூட விட்டுவிடுவார்கள். சொதி சரியில்லை என்றால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் மகாராஷ்டிரத்து ரத்னகிரிக்காரர்கள். "அவாளுக்கு இதெல்லாம் தெரியவா போகுது, ஸ்ரீகண்டும் பூரியும் போட்டு முடிச்சிரலாம்" என்று எங்கள் வீட்டிலேயே ஒரு கட்சி கிளம்பியது. நான் அசையவில்லை. பிடிவாதம் மட்டும்தான் என்னுடையது. மற்றதெல்லாம் நீங்கள் செய்தது.

முதல் நன்றி தவசுப்பிள்ளை (கல்யாணச் சமையல்காரர்) அண்ணாச்சிக்கும் கூட வந்த தம்பிமாருக்கும். நாகர்கோவில்–மும்பை எக்ஸ்பிரஸில் ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து வந்து இறங்கியவர், காப்பியைக் குடித்த கையோடு "தேங்காய எங்கன வாங்குவீக?" என்றுதான் கேட்டார். மார்க்கெட் யார்டுக்குப் போய் ஒவ்வொரு காயாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து எடுத்தார். முற்றி எண்ணெய் விடுகிற காயில் பால் கனக்குமே தவிர இனிப்பு வராதாம். நூற்றைம்பது பேருக்கு அறுபது தேங்காய். கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு அவரே ஆட்டிப் பார்த்து எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

சொதி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாசிப்பருப்பை மலர வேகவைத்து, உருளை, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பட்டாணி எல்லாவற்றையும் மூன்றாம் பாலில் வேகவிட்டு, அரைத்த இஞ்சி பச்சைமிளகாயை இரண்டாம் பாலோடு சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி, நுரை கூடும்போது இறக்க வேண்டும். சூடு தணிந்ததும் எலுமிச்சம்பழம். யாழ்ப்பாணத்துச் சொதி வேறு. அது மஞ்சளிட்டு நீர்க்க இருக்கும், இடியப்பத்துக்கு ஊற்றுவார்கள். எங்களுடையது வெள்ளையாக, சோற்றில் விட்டுப் பிசைகிற கெட்டியில் இருக்கும். தேங்காய்ப்பால் வயிற்றில் நின்றுவிடாமல் இருக்க இஞ்சிப் பச்சடி. தொட்டுக்கொள்ளக் காரமாக உருளைக்கிழங்குப் பொரியல்.

வீட்டில் ஐந்து பேருக்கு வைப்பது பெரிய வித்தை இல்லை. அண்டாவில் வைக்கும்போதுதான் ஆளைத் தெரியும். அண்ணாச்சி முதல் பாலை ஊற்றுவதற்கு முன்னாலேயே அடுப்பை அணைத்துவிட்டார். அண்டாவின் சூடே மிச்ச வேலையைச் செய்துவிடும் என்பது அவர் கணக்கு. கரண்டியை அடியில் விட்டு ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே, பக்கத்தில் நின்ற பையனிடம், "பைய ஊத்துலே, பைய. கொதிச்சா திரிஞ்சு போவும்லா" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டது. சொதியாவது முன்னே பின்னே நானே வைத்துக்கொள்வேன். இந்தப் பேச்சுக்கு எங்கே போவேன்? இத்தனை வருஷமாக இந்த ஊரில் நான் பேசுவது ஒரு மாதிரி கழுவித் துடைத்த தமிழ். மதுரைக்காரருக்கும் புரிய வேண்டும், கோயம்புத்தூர்க்காரருக்கும் புரிய வேண்டும் என்று பேசிப் பேசி, எது என் பேச்சு என்பதே மறந்து போயிருந்தது.

அதைத் திரும்பக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு பாளையங்கோட்டைப் பெரியம்மையுடையது. முழங்கால் வலியோடு வந்தவர், வந்த அன்று சாயங்காலமே சிறுகிழங்குச் சாக்கைப் பிரிக்கச் சொன்னார். தை மாதமானதால் மதினி ஊரிலிருந்து சிறுகிழங்கும் பனங்கிழங்கும் கொடுத்துவிட்டிருந்தாள். சிறுகிழங்குக்குத் தோல் எடுப்பது தெரியாத பிள்ளைகள் ஆளுக்கொரு கத்தியோடு உட்கார்ந்து சீவ ஆரம்பித்தார்கள். பெரியம்மை பார்த்தார். "ஏட்டி, கோட்டியா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு? இப்பிடிச் சீவுனா கெழங்கு எங்கன இருக்கும்?" என்று ஒரு சத்தம். கிழங்கை நனைத்துச் சாக்கில் கட்டி, அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துகிற தரையில் போட்டு உருட்டி அடிக்க வைத்தார். காவலாளி ஓடி வந்தார். அவருக்கும் ஒரு முனையைப் பிடிக்கக் கொடுத்துவிட்டார் பெரியம்மை. தோல் முக்கால்வாசி அதிலேயே கழன்றுவிட்டது. எல்லார் விரலும் கறுத்துப்போய், மகளின் மருதாணிக் கையிலும் கிழங்குக் கறை. ஆல்பத்தில் அந்தப் படத்தைச் சேர்க்க வேண்டாம் என்று போட்டோக்காரர் எவ்வளவோ சொன்னார். சேர்த்துவிட்டோம்.

சினிமாக்காரர்கள் எங்கள் 'ஏலே'யை அரிவாளோடு ஒட்டவைத்துவிட்டார்கள். அது எனக்கு ஒரு தீராத குறை. பெரியம்மை அந்த நாலு நாளும் யாரையும் ஏசாமல் கூப்பிட்டதில்லை. "சவத்து மூதி, சாப்ட்டியா?" என்பார். சாப்பிடவில்லை என்றால்தான் உண்மையான ஏச்சு விழும். மாப்பிள்ளையின் தம்பிக்கு இது எப்படிப் புரிந்ததோ, ரெண்டாம் நாளே அவரைப் பார்த்ததும் "ஆச்சி, சாப்ட்டாச்சு" என்று முந்திக்கொண்டு சொல்லக் கற்றுக்கொண்டான். பெரியம்மை, இவ்வளவு வயதில் இவ்வளவு தூரம் வந்ததற்கு உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

எதிர்வீட்டுச் சேச்சியைச் சொல்லாமல் முடியாது. பாலக்காட்டுக்காரர். அறுபது தேங்காயையும் துருவ எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு துருவி. சேச்சி தன்னுடையதோடு, தனக்குத் தெரிந்த மலையாளி வீடுகளிலெல்லாம் ஏறி இறங்கி ஒரு சாக்கு நிறையச் சிரவை (தேங்காய்த் துருவிதான்) கொண்டுவந்து கொட்டினார். விடிய நாலு மணிக்கு எங்கள் பட்டாசலில் (ஊர் வீட்டுக் கூடத்தை அப்படித்தான் சொல்வோம்; புனே பிளாட்டில் ஏது பட்டாசல், பழக்கதோஷம்) ஆளுக்கொரு சிரவையில் உட்கார்ந்து துருவியவர்களில் பாதிப்பேர் கல்யாணத்துக்கு அழைக்கப்படாதவர்கள். அன்றைக்கு மத்தியானம் அவர்களைத்தான் முதல் பந்தியில் உட்கார வைத்தோம்.

வாழை இலை பார்த்துக் கொடுத்த ராஸ்தாபேட் கடைக்காரருக்கும், பட்டாணி உரித்த பிள்ளைகளுக்கும் நன்றி. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: தையில் புனேயில் கிடைக்கிற பச்சைப் பட்டாணி மாதிரி ஊரில் கிடையாது. அண்ணாச்சியே சொல்லிவிட்டார்.

இனி சம்பந்தி அம்மாள். இலையில் சோறு போட்டுச் சொதி ஊற்றியதும் ஒரு வாய் எடுத்துவிட்டு, "ஒரு வாட்டி கிடைக்குமா?" என்று கேட்டார். மராத்தியில் வாட்டி என்றால் கிண்ணம். கிண்ணத்தில் வாங்கி அப்படியே குடித்துவிட்டார். அவர்கள் ஊரில் தேங்காய்ப்பாலில் கோகம் புளி ஊறவைத்து சோல்கடி என்று செய்வார்கள், அதைக் குடிப்பதுதான் வழக்கம். அண்ணாச்சி கரண்டியோடு திகைத்து நின்று, "சொதியக் குடிக்காவளே!" என்றார். பெரியம்மைதான் சமாளித்தார்: "குடிக்கட்டும்டே, வயித்துக்குத்தான போகுது." அன்று மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் பாதிப்பேர் கிண்ணம் கேட்டார்கள். சாயங்காலம் சம்பந்தி அம்மாள் அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்முறை கேட்டு மராத்தியில் எழுதிக்கொண்டார். அவர் நெல்லைத் தமிழில் சொல்ல, என் மகள் மராத்தியில் சொல்ல, "நுரை கூடும்போது" என்ற இடத்தில் மட்டும் மூவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

தாம்பூலப் பையில் போட கோவில்பட்டி கடலைமிட்டாய் அனுப்பிவைத்த சித்தப்பா மகனுக்குத் தனி நன்றி, ஒரு சண்டையை மூட்டிவிட்டதற்கும் சேர்த்து. லோனாவாலா சிக்கிதான் உசத்தி என்று மாப்பிள்ளையின் கூட்டாளிகள். கோவில்பட்டி மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள் என்று எங்கள் பிள்ளைகள். மேலே தூவியிருக்கும் கலர் தேங்காய்ப்பூவைப் பார்த்து அவர்கள் சிரிக்க, இவர்கள் கோபித்துக்கொள்ள, பஸ் கிளம்பும்வரை தீர்ப்பாகவில்லை. பைகள் மட்டும் காலி.

கடைசியாகச் சில வீட்டு விஷயம். உடன்குடிச் சுக்குக் கருப்பட்டி இன்னும் ஒரு ஓலைப்பெட்டி மிச்சம் இருக்கிறது, புனேயில் இருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலம் வரை வைத்தால் கசிந்துவிடும். சிரவைகளில் ரெண்டு யாருடையது என்று சேச்சிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிடியில் சிவப்புத் துணி சுற்றியது ஒன்று. அண்ணாச்சி, உங்கள் நீளக் கரண்டி என்னிடம்தான் இருக்கிறது. பங்குனியில் ஊருக்கு வரும்போது கொண்டுவாரேன்.

அன்புடன்,
மணப்பெண்ணின் அம்மை