லேப்டாப் நிறுவனத்தாரே, எந்த பேட்டரி பொருந்தும் என்றாவது சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய லேப்டாப் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் மற்றவர்கள் ‘நமக்கில்லை’ என்று நகர்ந்துவிடுவீர்கள், அதனால் எல்லோருக்குமாகவே இருக்கட்டும்.

விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2017-இல் வாங்கிய லேப்டாப். போன மாதம் ஒரு நாள் மேஜையில் வைத்துத் தட்டச்சு செய்யும்போது லொடலொடவென்று ஆடியது. மேஜைக்கால்தான் என்று நினைத்து அட்டையை மடித்து அடியில் கொடுத்தேன், அப்புறம் இன்னொரு அட்டை. டச்பேடும் கிளிக் ஆகாமல் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் என் மகள்தான் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்பா, மேஜை நல்லாத்தான் இருக்கு, இதுக்குத்தான் வயிறு ஊதியிருக்கு” என்றாள். பேட்டரி வீங்கி அடிமூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்குத்தான் முதலில் போனேன். டோக்கன் வாங்கி முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு, கணினியைப் பார்த்துவிட்டு, “இந்த மாடல் எண்ட் ஆஃப் லைஃப் சார், பார்ட்ஸ் வராது” என்றார்கள். சரி, பாகம் எண்ணையாவது சொல்லுங்கள், வெளியில் தேடிக்கொள்கிறேன் என்றேன். அதைச் சொல்ல அனுமதி இல்லையாம். பழையதைக் கொடுத்துப் புதிது வாங்கும் சலுகை இருக்கிறது என்று ஒரு தாளை நீட்டினார்கள். அதைச் சொல்ல மட்டும் அனுமதி இருக்கிறது.

செத்துப்போனதாக நீங்கள் எழுதிவிட்ட அந்த லேப்டாப்பில்தான் இந்த மடலைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சார்ஜரைச் செருகியபடி. திரை பளிச்சென்று இருக்கிறது, தமிழ்99 எழுத்து ஒட்டிய விசைகளில் பாதி தேய்ந்திருந்தாலும் விரலுக்கு இடம் தெரியும், நான்கு வருடம் முன்பு போட்ட எஸ்எஸ்டி சேமிப்பகம் இன்னும் சுறுசுறுப்பாக ஓடுகிறது. கரண்ட் போனால் மட்டும் எழுதியது போய்விடும். இதற்குள் ஒரு தடவை போய்விட்டது, இது இரண்டாவது முறை எழுதும் மடல், அதனால் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எல்லோரும் போகிற இடத்துக்கே நானும் போனேன், சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில். அங்கே கடைத் தம்பி கேட்ட முதல் கேள்வி, “பழைய பேட்டரி கொண்டுவந்தீங்களா சார்?” வீங்கிய லித்தியம் பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு கூட்டமான ரயிலில் எப்படி ஏறுவது? கொண்டுபோகவில்லை. மாடல் பெயரைச் சொன்னேன், எடுத்துக் கொடுத்தார், 2,200 ரூபாய், ‘ரிட்டர்ன் கிடையாது, எக்ஸ்சேஞ்ச் மட்டும்’.

வீட்டுக்கு வந்து திருகாணிகளைக் கழற்றி வைத்துப் பார்த்தால், பேட்டரி நீளம். கனெக்டர் அதேதான், கச்சிதமாகச் செருகிக்கொள்கிறது, ஆனால் மறுமுனை ஹார்டு டிஸ்க் உட்காரும் இடத்தில் போய் ஏறிக்கொள்கிறது. ஒரே மாடல் பெயரில் நீங்கள் இரண்டு விதமாக விற்றிருக்கிறீர்கள் என்பதை அன்று ராத்திரிதான் கற்றுக்கொண்டேன். ஹார்டு டிஸ்க் இருக்கும் பெட்டிக்கு மூன்று செல் பேட்டரி, 11.4 வோல்ட். அது இல்லாத பெட்டிக்கு அந்த இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும் நான்கு செல் பேட்டரி, 15.2 வோல்ட். வெளியே மூடியில் இரண்டுக்கும் ஒரே பெயர், விளம்பரத்திலும் ஒரே பெயர். இந்த வித்தியாசம் உங்கள் தொழிற்சாலைக்குத் தெரியும், சேவை மையத்தின் கணினிக்குத் தெரியும், காசு கொடுத்து வாங்கியவனுக்கு மட்டும் தெரியக்கூடாதா?

அடுத்த வாரம் பழைய பேட்டரியின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். அந்த லேபிளில் நான்கு எண்கள் இருக்கின்றன. எது பாகம் எண், எது வகை எண், எது வரிசை எண் என்று தம்பியும் நானும் போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம், பக்கத்துக் கடைக்காரரும் வந்து ஒரு கருத்து சொன்னார். கடைசியில் எக்ஸ்சேஞ்சில் ஒன்று கிடைத்தது. அளவு சரி, வோல்ட் சரி, திருகாணி ஓட்டைகூடச் சரி. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இந்த பேட்டரியை அடையாளம் தெரியவில்லை, சார்ஜ் ஏற்ற மாட்டேன் என்று எழுதிக் காட்டியது. உங்கள் பெயர் போட்ட பேட்டரியை நீங்கள் விற்க மாட்டீர்கள், அடுத்தவன் செய்ததை, லேப்டாப் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் உங்கள் பயாஸ் மென்பொருள் ஏற்காது. அப்படியானால் நான் எதைத்தான் வைப்பது?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும், அதன் உட்பிரிவுகளோடு, எந்த எண்ணுள்ள பேட்டரி, கீபோர்டு, திரை, கீல், மின்விசிறி பொருந்தும் என்ற பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். லேப்டாப் விற்பனையை நிறுத்தினாலும் அந்தப் பட்டியலை நிறுத்தாதீர்கள். உங்களில் சிலர் பழைய மாடல்களுக்குக்கூட சர்வீஸ் மேனுவலைப் பாகம் எண்களோடு இணையத்தில் வைத்திருக்கிறீர்கள், அவர்களுக்கு என் கும்பிடு. அவர்களால் முடிகிறது என்றால் மற்றவர்களாலும் முடியும்தானே.

பாத்திரக் கடையில் போய் குக்கர் பெயரையும் எத்தனை லிட்டர் என்றும் சொன்னால் கேஸ்கட்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். என் அம்மா இருபது வருடக் குக்கருக்கு இன்றும் வாங்குகிறார், நீங்கள் செய்வது குக்கரைவிட விலை கூடிய பொருள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வெளிநாட்டில் உங்களுக்கு இது கஷ்டமாக இல்லை போலிருக்கிறது. பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து லேப்டாப்புக்குப் பழுதுபார்க்கும் மதிப்பெண் போட்டு விற்கிறீர்கள். பத்துக்கு எத்தனை என்று கணக்கிடும்போது உதிரிபாகம் கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்பதும் அதில் சேர்த்தி. கலிபோர்னியாவில் 100 டாலருக்கு மேற்பட்ட பொருள் என்றால் ஏழு வருடத்துக்குப் பாகமும் கையேடும் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்தால் கிடங்கில் பாகம் முளைக்கும் போல. இங்கேயும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. தளம் இருந்து என்ன, நிறுவனங்கள் தகவலைப் போட்டால்தானே பார்க்க முடியும்.

இதை எழுதும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகள் லேப்டாப் வாங்கினார்கள், எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் இருக்கிறது, மூன்றும் பரணில். ஒன்றுக்கு சார்ஜர், ஒன்றுக்குக் கீல், இன்னொன்றுக்கு பேட்டரி. ஒரு வீட்டில் தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டு, அக்காவின் லேப்டாப் மேலே இருக்க, போனில் புராஜெக்ட் தட்டிக்கொண்டிருக்கிறாள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்த கையோடு, புது லேப்டாப் வாங்குங்கள் என்று உங்களிடமிருந்து மின்னஞ்சல் வாரம் தவறாமல் வருகிறது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டிக்கொள்வோம் ஐயா, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். பேட்டரிக்கு லினக்ஸ் இல்லை, அதற்குத்தான் உங்களிடம் வந்து நிற்கிறோம்.

கோபத்தில் ஏதாவது கூடக்குறையச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்: எந்த மாடலுக்கு எந்தப் பாகம் என்ற பட்டியலைத் தயவுசெய்து வெளியிடுங்கள். பாகத்தை ஏழு வருடமாவது விலைக்குக் கொடுங்கள், இலவசமாக யாரும் கேட்கவில்லை. கொடுக்க முடியாத மாடலுக்கு, அளவும் வோல்ட்டும் சரியாக உள்ள அடுத்தவர் செய்த பேட்டரியைத் தடுக்கும் அந்தப் பூட்டையாவது ஒரு பயாஸ் அப்டேட்டில் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சார்ஜர் வயரோடு கட்டிப்போடப்பட்ட உங்கள் பழைய வாடிக்கையாளர்,
செங்கல்பட்டு

பின்குறிப்பு: வீங்கிய பேட்டரியைப் பழைய பிஸ்கட் டின்னில் மணல் போட்டு மாடிப்படி அடியில் வைத்திருக்கிறேன். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உங்களுடையது. சேவை மையத்தில் கேட்டதற்கு அதுவும் தெரியவில்லை என்றார்கள். எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று சொன்னால் போதும், ரயிலில் இல்லாமல் வேறு எப்படியாவது கொண்டுவந்து தருகிறேன்.